மறு: பெஞ்ச்மார்க் – ‘உரைகல்’ சரிப்படுமா?

அன்பு நண்பர்களுக்கு,

வீட்டுக் கணினியின் ஓய்வு நேரத்தை அறிவியல் திட்டங்களுக்கு இரவல் தரும் தன்னார்வக் கணிமைக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் ‘பெஞ்ச்மார்க்’ (ஒரே சோதனையை ஓட்டிக் கணினிகளை ஒப்பிடும் அளவை) என்ற வரி மட்டும் நிரம்பாமல் கிடக்கிறது. அதற்கு ‘உரைகல்’ சரிப்படுமா என்று குழுவில் நடக்கும் பேச்சுக்கு இது என் பதில். பணிப்பொதி (ஒரு தடவைக்கு நம் கணினிக்கு வரும் வேலைத்துண்டு), வழங்கி (அதை அனுப்பும் மையக் கணினி), கெடு (அதை முடித்துத் தர வேண்டிய நாள்) எல்லாம் சண்டையில்லாமல் ஏறிவிட்டன. இந்த ஒரு சொல்லை மட்டும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுக் கணினிகளின் வேகத்தை ஒப்பிடுகிறோம் என்கிறோமே, எதை ஒப்பிடுகிறோம் என்பதிலேயே நமக்குள் ஒத்த கருத்து இல்லை.

> “வேக அளவீடு என்று எழுதிவிட்டுப் போகலாமே. பள்ளி மாணவனுக்கும் புரியும்.”

சேலத்து நண்பரே, புரியும்தான். ஆனால் தவறாகப் புரியும். வேகம் என்றதும் அந்த மாணவன் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் கிகாஹெர்ட்ஸ் எண்ணைத்தான் பார்ப்பான், அதாவது நுண்செயலியின் கடிகாரம் நொடிக்கு எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்பதை. 2000-களின் தொடக்கத்தில் கடைக்காரர்கள் அந்த எண்ணைச் சொல்லித்தான் கணினி விற்றார்கள். இன்டெலின் பென்டியம் 4 நுண்செயலி அந்த எண்ணுக்காகவே வடிவமைக்கப்பட்டதோ என்று ஐயப்படும்படி இருந்தது. பென்டியம் 3-இல் ஓர் ஆணை சுமார் 10 படிநிலைகளைக் கடந்து முடியும். முதல் பென்டியம் 4-இல் அது 20. 2004-இல் வந்த பிரெஸ்காட் வகையில் 31. படிநிலைகளைப் பொடியாக நறுக்கினால் துடிப்பைக் கூட்டலாம். ஆனால் நிரல் எந்தக் கிளையில் திரும்பும் என்ற ஊகம் பிசகினால், பாதி வழியில் நிற்கும் ஆணைகள் அத்தனையும் வீண். எதிர்த்தரப்பில் போட்டி நிறுவனமான ஏஎம்டி, 1.83 கிகாஹெர்ட்ஸில் ஓடிய அத்லான் எக்ஸ்பி ஒன்றுக்கு, 2.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஈடு எனத் தோன்றும்படி ‘2500+’ என்று பெயர் சூட்டிச் சந்தைக்கு அனுப்பியது. எண்ணோடு எண் மோதிய அந்தக் காலத்தில் ‘வேகம்’ என்ற சொல்லே விளம்பரதாரரின் சொத்தாகிவிட்டது.

வீட்டில் தன்னார்வக் கணிமை ஓட்டியவர்களுக்கு இந்த மாயை சீக்கிரமே கலைந்தது. ஆர்சி5 என்ற மறையீட்டு (என்கிரிப்ஷன்) முறையின் சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடிய டிஸ்ட்ரிபியூட்டட்.நெட் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் பிட்டுகளைச் சுழற்றும் ஆணை திரும்பத் திரும்ப வரும். பென்டியம் 4-இல் அந்த ஆணை மெதுவாக நடக்கும். குறைந்த துடிப்புள்ள அத்லான் அதை எளிதாக முந்தியது. ஆப்பிள் கணினிகளில் இருந்த ஜி4 நுண்செயலியோ பல எண்களை ஒரே ஆணையில் சுழற்றும் வசதி கொண்டது. ஆகவே துடிப்பில் மிகவும் பின்தங்கியிருந்தும் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்தது. அதே பென்டியம் 4-ஐ மெர்சென் பகா எண்களை (இரண்டின் அடுக்கைவிட ஒன்று குறைந்த பகா எண்கள்) தேடும் ஜிம்ப்ஸ் திட்டத்தில் விட்டுப் பாருங்கள்: மிகப் பெரிய எண்களைப் பெருக்க உதவும் ஃபூரியர் உருமாற்றங்கள், பல எண்களை ஒரே ஆணையில் கணக்கிடும் எஸ்எஸ்இ2 ஆணைத்தொகுதி, அதற்கென்றே செதுக்கிய நிரல். அங்கே அது முன்வரிசை. இரண்டு திட்டங்களையும் ஓட்டிய ஒருவரிடம் போய் எந்த நுண்செயலி வேகமானது என்று கேட்டால், எந்தப் பணிக்கு என்று திருப்பிக் கேட்பார். நம் சொல் அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்க வேண்டும்.

இடையில் ஒன்று. நான் வேண்டுமென்றே ‘நுண்செயலி’ என்று முழுதாக எழுதுகிறேன். ‘செயலி’ என்ற நல்ல சொல்லைச் செய்தித்தாள்கள் கைப்பேசி ஆப்களுக்குத் தாரை வார்த்துவிட்டன. ‘செயலியின் வேகம்’ என்று தலைப்பிட்டால் பாதிப் பேர் வேறு கட்டுரை என்று நினைத்துப் படிப்பார்கள். பேராசிரியர் ஐயா இதை எதிர்த்து எழுதி வந்திருப்பதை அறிவேன். அந்தப் போர் தோற்றுப்போய்விட்டது என்பது என் எண்ணம்.

ஆக, வேகம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று பொருள் அடைந்து கிடக்கிறது. முதலாவது கடிகாரத்தின் துடிப்பு. இதற்குத் ‘துடிப்பு வீதம்’ என்பதே போதும். இரண்டாவது, ஒரு பணிப்பொதியை வாங்கியது முதல் முடிப்பதுவரை ஆகும் நேரம். ‘பணிநேரம்’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். அது அலுவலகக் கதவில் தொங்கும் பலகையை நினைவூட்டுகிறது. ‘முடிப்பு நேரம்’ என்று வைப்போம். மூன்றாவது, ஒரு நாளில் அந்தக் கணினி மொத்தமாக முடித்துத் தரும் வேலை. இதற்குப் ‘பணிவீதம்’.

பின்னிரண்டும் ஒன்றுதானே, ஒன்றைத் தலைகீழாக்கினால் மற்றது வந்துவிடுமே என்று கேட்கலாம். ஒரு கோர் (நுண்செயலியில் கணக்குப் போடும் அலகு), ஒரு பணி என்று இருக்கும்வரை அது சரி. ஒரே கோரில் இரண்டு பணிகளைச் சேர்த்து ஓட்டும் ஹைப்பர் திரெடிங் நுட்பத்தை இன்டெல் கொண்டுவந்ததும் இந்தச் சமன்பாடு உடைந்தது. ஒரு பொதியைத் தனியாக ஓட்டினால் 6 மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம், நாளுக்கு 4. ஒரே கோரில் இரண்டு பொதிகளைச் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொன்றும் 10 மணி நேரம் இழுக்கிறது என்று வையுங்கள், நாளுக்கு 4.8. முடிப்பு நேரம் கெட்டது, பணிவீதம் உயர்ந்தது. இது வேகமா, மெதுவா? ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லவே முடியாது. எது முக்கியம் என்பதும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். புரத மடிப்பை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோமில் ஒரு பொதியின் விடையை வைத்துத்தான் அடுத்த பொதி உருவாகும். எனவே விரைந்து திருப்பித் தருபவர்க்குக் கூடுதல் புள்ளி உண்டு. பொதிகள் ஒன்றையொன்று சாராத திட்டங்களில் கெடுவுக்குள் முடித்தால் போதும், பணிவீதம்தான் கணக்கு. இரண்டு சொற்களையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி உரைகல்லுக்கு வருகிறேன்.

இந்தத் துறையில் ஆங்கிலத்திலேயே கல்லின்மேல் கல்லாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். தன்னார்வக் கணிமைத் திட்டங்கள் பலவற்றை இயக்கும் பாயிங்க் (BOINC) மென்பொருள் நம் கணினியை அளக்க இரண்டு சிறு நிரல்களை அவ்வப்போது ஓட்டுகிறது. மிதவைப்புள்ளிக் (தசம எண்) கணக்குக்கு வெட்ஸ்டோன். முழு எண் கணக்குக்கு டிரைஸ்டோன். முன்னது 1970-களில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உருவானது. பெயர் என்னவோ சாணைக்கல் என்று பொருள்பட்டாலும், உண்மையில் அது லெஸ்டர்ஷயரில் உள்ள ஓர் ஊரின் பெயர். அங்கே எழுதப்பட்ட அல்கால் நிரல்மொழியின் தொகுப்பிக்கு (நிரலைக் கணினி ஆணைகளாக மாற்றும் கம்பைலர்) அந்த ஊர்ப்பெயர் வந்து, தொகுப்பியிலிருந்து அளவை நிரலுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒலியளவில் அது ‘ஈரக்கல்’ போலவும் கேட்பதால், 1984-இல் ரைன்ஹோல்ட் வைக்கர் தன்னுடையதற்கு ‘உலர்ந்த கல்’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார். பாயிங்க் தரும் புள்ளிக்குக் காபிள்ஸ்டோன் என்று பெயர். தெருவில் பாவும் கல்லைக் குறிக்கும் சொல்தான், ஆனால் வைத்தது, வேற்றுலக அறிவுயிர்களின் வானொலிச் சைகையைத் தேடிய செட்டி அட் ஹோம் திட்டக் குழுவைச் சேர்ந்த ஜெஃப் காபின் பெயரை ஒட்டி. வெட்ஸ்டோன் அளவையில் நொடிக்கு 100 கோடி மிதவைப்புள்ளிக் கணக்குகள் செய்யும் கணினி ஒரு நாள் முழுதும் ஓடினால் 200 காபிள்ஸ்டோன்.

இவ்வளவு கற்கள் கிடக்கும் இடத்தில், பொன்னின் தரம் பார்க்க நம் தட்டார்கள் கையாண்ட உரைகல் சும்மா இருக்கலாமா? உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பவர் பொன்னைப் பற்றிய பேச்சைக் கேட்பதில்லை, கோட்டைப் பார்க்கிறார். பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணுக்கும் ஓட்டிப் பார்த்த முடிவுக்கும் உள்ள வேறுபாட்டை இந்தச் சொல் தன்னகத்தே வைத்திருக்கிறது. ‘உரைத்துப் பார்’ என்று வினையாகவும் கிடைக்கிறது. பெஞ்ச்மார்க்குக்கு வேறு தமிழ்ச் சொற்களான அடைவுகுறி, மட்டக்குறி போன்றவை ஒரு குறியை மட்டும் சுட்டுகின்றன. அளக்கும் செயலுக்கு அவற்றிலிருந்து வினை பிறக்காது.

> “கணினித் தமிழில் ‘உரை’ என்றால் டெக்ஸ்ட். உரைக்கோப்பு, உரைத்திருத்தி இருக்கும்போது உரைகல் குழப்பாதா?”

கொழும்பிலிருந்து அம்மையார் எழுப்பிய இந்தத் தடை நியாயமானது. தனிச்சொல்லாக ‘உரைகல்’ யாரையும் குழப்பாது; ‘கல்’ காப்பாற்றிவிடும். ஆனால் ‘உரைச்சோதனை’, ‘உரைமதிப்பு’ என்று வால் முளைக்கும்போது ஏதோ கட்டுரைத் திருத்தம் போலத் தோன்றத்தான் செய்கிறது. எனவே கூட்டுச்சொற்களில் முழுமையாக ‘உரைகல் சோதனை’ என்றே எழுதுவோம், சுருக்க வேண்டாம். மாற்றாக அவர் தந்த ‘கட்டளைக்கல்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். குறளிலேயே இருக்கிறது: பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் கருமமே கட்டளைக்கல் என்கிறது 505-ஆம் குறள். வேதனை என்னவென்றால் ‘கட்டளை’யும் கணினியில் வேறு வேலைக்குப் போய்விட்டது. கட்டளை வரியில் கட்டளைக்கல்லை இயக்குக என்று ஓர் உதவிக்குறிப்பு எழுத வேண்டிவந்தால் என்ன ஆகும்? அதனால் உரைகல்லோடு நிற்கிறேன்.

ஆனால் அந்தக் குறளின் ‘கருமமே’ என்ற சொல்லை விட மனமில்லை. வெட்ஸ்டோனும் டிரைஸ்டோனும் கருமம் இல்லாத கற்கள். அளப்பதற்கென்றே எழுதிய சின்னச் சின்ன நிரல்கள். நுண்செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய, விரைவான பதுக்கு நினைவகத்துக்குள் (கேஷ்) முழுதாக அடங்கிவிடும் என்பதால், முதன்மை நினைவகம் மெதுவானதா என்பது அவற்றுக்குத் தெரியவே தெரியாது. வானொலி அலைத் தரவை அலசிய செட்டி அட் ஹோம் நிரலோ பதுக்கு நினைவகம் போதாவிட்டால் திணறும். தொகுப்பிகள் கெட்டிக்காரத்தனமாக டிரைஸ்டோனின் வேலையில் ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிடுவதும் உண்டு. அதைத் தடுக்கத்தான் 1988-இல் வைக்கர் திருத்திய பதிப்பை வெளியிட்டார்.

இதன் விளைவைப் பாயிங்க்கின் ஆரம்ப ஆண்டுகளில் கண்கூடாகப் பார்த்தோம். ஓடிய நேரத்தை உரைகல் மதிப்பால் பெருக்கி ஒவ்வொரு கணினியும் தனக்கான புள்ளியைக் கோரும். ஒரே கணினியில் விண்டோஸில் ஒரு மதிப்பு வரும், லினக்ஸில் அதைவிடக் குறைவாக வரும். இரண்டின் நிரல்களும் வெவ்வேறு தொகுப்பிகளில் உருவானதுதான் காரணம். வன்பொருளில் ஒரு திருகுகூட மாறவில்லை. இன்னும் வேடிக்கை, ஆர்வலர்கள் சிலர் அறிவியல் நிரலையே செம்மைப்படுத்தி ஒரு பொதியை முன்னைவிட விரைவாக முடித்தார்கள். ஓடிய நேரம் குறைந்ததால் கோரிய புள்ளியும் குறைந்துபோனது. நன்றாக உழைத்தவனுக்குக் கூலி குறைவு! அதை ஈடுகட்ட உரைகல் மதிப்பை உயர்த்திக் காட்டும்படி பாயிங்க்கையே மாற்றித் தொகுத்துக்கொண்டார்கள். ஒரே பொதியை மூன்று பேருக்கு அனுப்பி, கோரிக்கைகளில் பெரியதையும் சிறியதையும் தள்ளி நடுவில் உள்ளதை எல்லோருக்கும் கொடுத்துச் சமாளித்தது செட்டி. பிறகு 2006-இல் அறிவியல் நிரலே தான் செய்த கணக்குகளை எண்ணிச் சொல்லும் முறைக்கு மாறியது.

ஆகவே பட்டியலில் இரண்டு பதிவுகள் வேண்டும். அளப்பதற்கென்று எழுதியது ‘மாதிரி உரைகல்’. நிஜப் பணிப்பொதியையே ஓட்டி அளப்பது ‘பணி உரைகல்’. பின்னதற்கு ‘வெள்ளோட்டம்’ என்ற அழகான சொல்லையும் ஒருவர் சொன்னார். மென்பொருள்களின் பீட்டா பதிப்புக்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

விளக்கக் குறிப்பில் ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். பணி உரைகல்லிலும் பொதி எல்லாம் ஒன்றுபோல் இருக்காது. செட்டியில் தொலைநோக்கி வானில் எவ்வளவு வேகமாக நகர்ந்தபோது தரவு பதிவானது என்பதைப் பொறுத்தே ஒரு பொதிக்கு ஆகும் நேரம் மாறியது. ஆகவே இரண்டு கணினிகளை ஒப்பிட நினைப்பவர் ஒரே பொதியை இரண்டிலும் ஓட்ட வேண்டும், அல்லது பல பொதிகளின் சராசரியை எடுக்க வேண்டும். ஒருவர் ஒரு பொதியை முடித்துவிட்டுத் தன் மடிக்கணினியைப் புகழ்ந்து எழுதும் கடிதங்களை நான் இப்போதெல்லாம் படிப்பதில்லை. சித்திரை வெயிலில் விசிறி அலற, சூடு தாங்காமல் நுண்செயலி தானே துடிப்பைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். அதுவும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும்.

மின்சாரத்தைப் பற்றி யாரும் இதுவரை எழுதவில்லை. 100 வாட் இழுக்கும் கணினி நாள் முழுதும் ஓடினால் 2.4 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 144. தமிழ்நாட்டு வீடுகளுக்கு 2016-இல் அறிவிக்கப்பட்ட 100 இலவச யூனிட்டை அது ஒன்றே விழுங்கிவிடும். இப்படிப் பார்த்தால் நாளுக்கு 12 பொதி முடிக்கும் 100 வாட் கணினியைவிட, 8 பொதி முடிக்கும் 40 வாட் கணினி மேல்: முன்னது யூனிட்டுக்கு 5 பொதி, பின்னது 8-க்கும் மேல். இதற்கு ‘மின்திறன்’ என்று எழுதாதீர்கள், அது பவர் என்பதற்கு உரியது. ‘யூனிட்டுக்குப் பணி’ என்று வெளிப்படையாகவே வைக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒற்றைச்சொல் வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கில்லை.

மீதமிருப்பது ‘ஸ்கோர்’. பொன்னோடு சேர்ந்து ‘மாற்று’ என்ற சொல் வருகிறது. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோம் அல்லவா. ‘இந்தக் கணினியின் மாற்று 3,200’ என்று சொல்லிப் பார்த்தேன். பழைய கணினிக்குப் பதிலாக வாங்கிய மாற்றுக் கணினி என்றுதான் காதில் விழுகிறது. ‘உரைகல் எண்’ என்று வைத்தால் சப்பென்று இருக்கிறது, ஆனால் பிழையில்லை. நாளொன்றுக்குச் சேரும் புள்ளியை ‘நாட்புள்ளி’ எனலாம் என்ற யோசனையை ஏற்கிறேன்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். குறிப்பாகப் பேராசிரியர் ஐயா, ‘பணி உரைகல்’ என்று எழுதும்போது நடுவில் இடைவெளி விடலாமா, ‘பணியுரைகல்’ என்று சேர்த்தே எழுத வேண்டுமா என்பதை மட்டும் தாங்கள் தீர்த்துவைத்தால் நல்லது. சேர்த்தெழுதினால் ‘பணியுரை’ என்று பிரித்துப் படித்துவிடுவார்களோ என்பது என் அச்சம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து