பெயர் பொறிக்காத மூன்று உருளைக் கருவி

குழு: செந்தூல் தாத்தா குடும்பம்

சனிக்கிழமை

நான் (காலை 9:14): அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் தாத்தாவின் செந்தூல் வீட்டைக் காலி செய்தபோது, தாத்தாவின் பச்சை மரப்பெட்டியின் அடியில் கோணித் துணியில் சுற்றியிருந்த இந்தக் கருவி கிடைத்தது. ஐந்து படங்கள் அனுப்பியிருக்கிறேன். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான எஃகுத் தண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிறுத்துக்கொண்டே போகிறது. பருத்த முனையின் தலை சதுரமாக இருக்கிறது. அந்தத் தண்டு ஓர் உருண்டைக் கூட்டுக்குள் நுழைந்து நிற்கிறது. கூட்டைச் சுற்றி மூன்று நீள்துளைகள், ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் தடிமனில் ஓர் உருளை. துருவைச் சுரண்டிப் பார்த்தும் எழுத்தோ எண்ணோ முத்திரையோ தென்படவில்லை. இன்னதென்று தெரியாமல் பழைய இரும்புக்காரரிடம் போட எனக்கு மனமில்லை.

செலாயாங் அக்கா (காலை 9:31): ஒரு மரக்கட்டையில் நிறுத்தி, மேலே ஒரு பல்பு மாட்டினால் அழகான மேசை விளக்காகிவிடும்.

ரவாங் தம்பி (காலை 9:40): அக்கா, தயவுசெய்து வேண்டாம். சிலிண்டரின் உட்சுவரைத் தேய்க்கும் ஹோனிங் கருவியாக இருக்குமோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதில் சாணைக்கல் இருக்கும். இதில் வழவழப்பான உருளைகள் அல்லவா இருக்கின்றன?

கிள்ளான் மாமா (காலை 10:22): பெயரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், கருவியையே கேட்டால் அது சொல்லிவிடும். மூன்று விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். உருளைகள் தண்டுக்கு நேராக நிற்கின்றனவா, இல்லை சற்றுச் சாய்ந்து நிற்கின்றனவா? உருளைகளும் தண்டைப் போல ஒரு பக்கம் சிறுக்கின்றனவா? தண்டைப் பின்னே இழுத்தபோதும் முழுவதும் உள்ளே தள்ளியபோதும், உருளைகளின் வெளிவிட்டம் எவ்வளவு? துரு இறுகியிருந்தால் ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறப் போடுங்கள். வினிகர் வேண்டாம், கடினப்படுத்திய எஃகு அமிலத்தில் கிடந்தால் நொறுங்கும் தன்மை பெற்றுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை

நான் (காலை 11:05): மாமா, ஊறிய பிறகு தண்டு அசைந்து கொடுத்தது. உருளைகள் கண்ணுக்குத் தெரியும் அளவு சாய்ந்தே இருக்கின்றன. தண்டு சிறுக்கும் பக்கத்தில் உருளை பருக்கிறது, தண்டு பருக்கும் பக்கத்தில் உருளை சிறுக்கிறது. அதனால் வெளிப்புறம் மட்டும் நேராக நிற்கிறது. வெர்னியர் அளவுகோலில் பின்னே இழுத்தபோது 42 மில்லிமீட்டர், உள்ளே தள்ளியபோது 47. இன்னொன்றையும் கவனித்தேன்: கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தண்டை வலப்புறமாகத் திருகினால் அது தானாகவே உள்ளே ஏறுகிறது, இடப்புறமாகத் திருகினால் வெளியே வருகிறது.

கிள்ளான் மாமா (காலை 11:20): தானாக ஏறுகிறது என்று சொன்னீர்களே, அதற்குப் பிறகு சந்தேகமே இல்லை. இது பாய்லர் குழாய் விரிக்கும் எக்ஸ்பாண்டர். எண்ணெய் ஆலையில் இருபது ஆண்டுகளாக இதன் பேரப்பிள்ளைகளோடுதான் நான் வேலை செய்கிறேன். கொதிகலனின் குழாய்த் தட்டிலுள்ள துளையில் குழாயைச் செருகி, குழாய்க்குள் இதை நுழைத்து, சதுரத் தலையில் சாவி மாட்டித் திருகினால், கூம்புத் தண்டு உள்ளே ஏறி உருளைகளை வெளியே தள்ளும். குழாயின் சுவர் நசுங்கி விரிந்து நிரந்தரமாக உருமாறிவிடும். தட்டோ கொஞ்சம் விலகிக் கொடுத்துவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்தப் பிடிதான் பற்றவைப்பே இல்லாமல் நீராவியைத் தடுத்து நிறுத்துகிறது. உங்கள் அளவைப் பார்த்தால் 2 அங்குலக் குழாய்க்குச் செய்தது.

ஈப்போ பெரியப்பா (பிற்பகல் 1:48): மாப்பிள்ளை சொல்வது சரி. அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் பாய்லர் பிரிவில் இருந்தார். 1938 முதல் 1946 வரை கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் மலாயாவுக்காகக் கட்டிய 66 நீராவி என்ஜின்களைப் பற்றித்தான் அவர் பேச்செல்லாம். அந்த என்ஜின்களில் நெருப்புப் புகை குழாய்களுக்குள் ஓடும், தண்ணீர் வெளியே சூழ்ந்து நிற்கும். உப்புப் படிந்து அரித்த குழாய்களை உருவிவிட்டுப் புதியவற்றை இறுக்குவது ஓயாத வேலை. விரித்த பிறகு, நெருப்புப் பெட்டிப் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் குழாய் விளிம்பை, மூக்கில் அரைவட்டப் பள்ளமும் பக்கத்தில் குதிகாலும் உள்ள ஒரு குட்டை உளியை வைத்துத் தட்டி மடிப்பார்கள். ரிவெட் ஆணி அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டதால், வீட்டில் அவர் மெல்லப் பேசியே நான் கேட்டதில்லை. 1957-இல் நெடுந்தூர ரயில்களை இழுக்கும் டீசல் என்ஜின்கள் வரத் தொடங்கிய பிறகு, அந்த வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டது.

கிள்ளான் அத்தை (பிற்பகல் 2:03): அண்ணா, அப்பா இதைப் பட்டறையிலிருந்து சொல்லாமல் எடுத்து வந்துவிடவில்லையே?

ஈப்போ பெரியப்பா (பிற்பகல் 2:10): இல்லையம்மா. கழித்த சாமான்களை விலைக்குப் போட்டபோது வாங்கினார். வீட்டுச் செலவுக்குப் பணம் போதாத மாதத்தில் இந்த இரும்பு எதற்கு என்று அம்மா போட்ட சண்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நான் (பிற்பகல் 2:25): அப்படியென்றால் முத்திரை ஏன் இல்லை?

கிள்ளான் மாமா (பிற்பகல் 2:41): நீங்கள் அனுப்பிய நான்காவது படத்தில் கூட்டின் மேல் கடைசல் தடங்கள் கரடுமுரடாகத் தெரிகின்றன. விற்பனைக்குச் செய்தவர் அப்படி விட்டிருக்க மாட்டார். பெரிய பட்டறைகளில் தேயும் கருவிகளைத் தங்கள் டூல் ரூமிலேயே, அதாவது கருவி செய்யும் அறையிலேயே, கடைந்துகொள்வார்கள். தனக்காகச் செய்துகொள்பவர் பெயர் அடிக்க மாட்டார். என் ஊகம் அதுதான்.

ரவாங் தம்பி (பிற்பகல் 3:02): மாமா, உங்கள் ஆலையில் பயன்படுமா?

கிள்ளான் மாமா (பிற்பகல் 3:15): எங்களுடையவை 3 அங்குலக் குழாய்கள். அளவு பொருந்தினாலும் நான் வைக்க மாட்டேன். ஓர் உருளையில் துரு குழி விழுந்திருக்கிறது. அது குழாயின் உட்புறத்தில் கோடு கிழிக்கும். அழுத்தம் தாங்க வேண்டிய இடத்தில் அதை அனுமதிக்க முடியாது. பாய்லர் பழுதுபார்ப்பை நினைத்தபடி செய்யவும் சட்டம் இடம் தராது. உன் பட்டறையில் அழுத்தம் இல்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். இரும்புத் தகட்டில் குழாய்க் கால் பொருத்துவதற்குப் பற்றவைப்பே தேவைப்படாது.

அடுத்த சனிக்கிழமை

ரவாங் தம்பி (மாலை 5:37): முதல் முயற்சி வீணாயிற்று. மேசைக்கால் செய்யும் 2 அங்குலக் குழாயை 12 மில்லிமீட்டர் தகட்டில் செருகித் திருகினேன். நான்காவது சுற்றில் டப்பென்று ஒரு சத்தம். பற்றவைத்த தையல் நெடுக்கக் கிழிந்து, கூட்டின் விளிம்பு வரை வாய் பிளந்துவிட்டது.

கிள்ளான் மாமா (மாலை 5:50): மேசைக்கால் குழாய் தகட்டைச் சுருட்டி ஒட்டியது, அது எப்படித் தாங்கும்? தையல் இல்லாத குழாய் வாங்கு, சுவர் 3 மில்லிமீட்டர் இருக்கட்டும். கணக்கையும் எழுதி வைத்துக்கொள். வெளிவிட்டம் 50.8, உள்விட்டம் 44.8. துளையை 51.3-க்குக் கடைந்தால் இடைவெளி அரை மில்லிமீட்டர். ஆகவே உள்விட்டம் 45.3 ஆகும்போதுதான் குழாய் தட்டைத் தொடும். அதற்கு மேல் சுவர் தடிமனில் சுமார் நூற்றுக்கு ஏழு பங்கு மெலிந்தால் போதும், அதாவது 45.7-இல் நிறுத்திவிடு. உருளைகளுக்கு எண்ணெய் விடு. குழாயின் வெளிப்புறத்திலும் துளையிலும் மட்டும் ஒரு சொட்டும் படக்கூடாது. அங்கே வழுக்கினால் பிடிப்பே வராது.

ரவாங் தம்பி (இரவு 8:16): மாமா, பிடித்துவிட்டது! தகட்டைத் தொடும் வரை சாவி சும்மா சுற்றியது. தொட்டதும் கை உணரும்படி கனத்தது. 45.6-இல் நிறுத்தினேன். குழாயைப் பிடியில் இறுக்கி, தகட்டைச் சம்மட்டியால் அடித்துப் பார்த்தேன், அசையவில்லை. நீங்கள் சொன்ன குழி விழுந்த உருளை மட்டும் உள்ளே மெல்லிய கோடு ஒன்றைச் சுற்றிச் சுற்றி வரைந்திருக்கிறது. அந்த உருளையைப் புதிதாகக் கடைந்துகொள்கிறேன். பழையதைத் தூக்கி எறிய மாட்டேன். அண்ணா, கருவி என்னிடமே இருக்கட்டுமா?

நான் (இரவு 8:20): இருக்கட்டும். கோணித் துணியையும் பெட்டியையும் சேர்த்தே எடுத்துக்கொள்.

கிள்ளான் அத்தை (இரவு 8:44): அண்ணா, ஒரு சந்தேகம். நீங்கள் போன வாரம் சொன்ன குட்டை உளியை நினைத்துக்கொண்டே இருந்தேன். எங்கள் பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க, அம்மா கொடுத்த இரும்புத் துண்டு ஒன்றைப் பல ஆண்டுகளாக முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். படம் அனுப்புகிறேன், பாருங்கள்.

ஈப்போ பெரியப்பா (இரவு 8:58): அதேதான். மூக்கில் பள்ளம், பக்கத்தில் குதிகால், தலையில் சுத்தியல் பட்டு விரிந்த காளான். நாளைக்கே ரவாங்குக்கு அனுப்பிவிடு. கதவுக்குச் செங்கல் வைத்துக்கொள்.