இட்லி மாவு பொங்குவதைப் பற்றிக் கருதுகோள் எழுதுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ‘இட்லி மாவு புளிப்பதற்கு வெப்பம் நல்லது’ என்று கருதுகோள் எழுதிக் கொண்டுபோனாள். இதைச் சோதிக்க முடியாது என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். உண்மையான கூற்றுதானே, இதில் என்ன குறை? மாவு பொங்குவது கைராசி என்று என் மாமியார் சொல்வதையும் இதிலேயே சேர்க்கலாமா என்று கேட்கிறாள்.

மறுமொழி 1:
குறை ‘நல்லது’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. அதை எந்த அளவுகோலாலும் அளக்க முடியாது. எதை மாற்றுகிறோம், எதை அளக்கிறோம், எவ்வளவு நேரத்தில் என்ற மூன்றும் வாக்கியத்துக்குள் வந்துவிட வேண்டும். ‘ஒரே தடவையில் அரைத்து உப்பிட்ட மாவை 20 டிகிரி செல்சியஸிலும் 30 டிகிரியிலும் 10 மணி நேரம் வைத்தால், 30 டிகிரியில் இருந்த மாவே அதிக உயரம் பொங்கியிருக்கும்’ என்று எழுதச் சொல்லுங்கள். உளுந்தோடு வரும் லியூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் வெளியிடும் கரியமில வாயுவே மாவை உப்பச் செய்கிறது. இதமான சூட்டில் அவை வேகமாகப் பெருகும் என்பதே இந்த ஊகத்துக்கு அடிப்படை.

மறுமொழி 2:
மேலே உள்ளதில் ஒரு திருத்தம். பொங்கிய மாவை நெடுநேரம் விட்டால் அமுங்கிவிடும் என்பதால், 10 மணி நேரம் கழித்து மட்டும் அளந்தால், சூட்டில் இருந்த மாவு அதற்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கியிருக்கக்கூடும். ஆகவே ‘ஒன்றரை மடங்கு உயரத்தை முதலில் எட்டும்’ என்று மாற்றி, மணிக்கொரு முறை அளப்பதே சரி. வீட்டு டம்ளர் மேலே விரிந்திருப்பதால் உயரம் ஏமாற்றும். அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள கண்ணாடிக் குவளைகளை, ஒவ்வொரு வெப்பநிலைக்கும் மூன்றாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3:
நம்பிக்கை என்பதற்காகக் கைராசியை ஒதுக்க வேண்டியதில்லை. இறைச்சி அழுகினால் புழு தானே பிறக்கும் என்று ஊரே நம்பியதைத்தான், சாடியின் வாயைத் துணியால் மூடி ஈயைத் தடுத்துச் சோதித்து, அது தவறென்று 1668இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி வெளியிட்டார். ஆனால் அது தனிச் சோதனையாக இருக்கட்டும். ஒரே மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை உங்கள் மாமியாரும் மறு பாதியை மகளும் ஒரே அளவு நேரம் கரைக்க, எது யாருடையது என்று அறியாத ஒருவர் அளக்க வேண்டும். மாமியாரின் மாவு பொங்காதபோது ‘இன்று ராசி சரியில்லை’ என்று சொல்லித் தப்ப இடமிருந்தால் அது கருதுகோள் ஆகாது. எந்த விளைவு வந்தால் தம் கூற்று தவறென்று ஒப்புக்கொள்வார் என்பதை, மாவில் கை வைப்பதற்கு முன்பே அவரிடம் கேட்டு மகளின் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.