மறு: ‘மாக்’குக்குத் தமிழ்ச்சொல்: போலி வேண்டாம், வேடம் சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. தனித்தனியாகப் பதில் போட்டால் யார் எதற்குச் சொன்னார்கள் என்பதே மறந்துவிடும், ஆகவே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மடல்.

நடுவில் சேர்ந்தவர்களுக்காக முன்கதை. கட்டளைவரிக் கருவிகளுக்கு (முனையத்தில் கட்டளை தட்டி ஓட்டும் நிரல்களுக்கு) அலகுச் சோதனை, அதாவது நிரலின் ஒவ்வொரு சிறு பகுதியையும் தனித்தனியே சரிபார்க்கும் சோதனை, எழுதுவது எப்படி என்று தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். சோதனையில் உண்மைப் பொருளுக்குப் பதிலாக வைக்கும் பொருள்களுக்கு மாக், ஸ்டப், ஃபேக், ஸ்பை, டம்மி என்று ஐந்து பெயர்கள் அதில் வருகின்றன. முதல் வரைவில் ஐந்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு ‘போலி’ என்று போட்டுவிட்டேன். மெய்ப்புப் பார்த்த நண்பர் “கடிகாரத்துக்குப் போலிச் சோதனை எழுதவும்” என்ற வரியைச் சுழித்து, ஓரத்தில் “ஏன், உண்மைச் சோதனையே எழுதச் சொல்லலாமே?” என்று கேட்டிருந்தார். அவர் மேல் தவறே இல்லை. வரி அப்படித்தான் படிக்கிறது.

சொல்லுக்குப் போகுமுன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். என் எடுத்துக்காட்டுக் கருவி மிகச் சிறியது. ஓர் உரைக்கோப்பை வாங்கும், எந்தத் தமிழெழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணும், தலைப்பில் இன்றைய தேதியோடு பட்டியலை அச்சிடும். இதற்குச் சோதனை எழுதினால் இன்று தேறும், நாளை தோற்கும். நிரலில் ஒரு வரிகூட மாறியிருக்காது, தேதிதான் மாறியிருக்கும். ஆகவே எப்போது கேட்டாலும் ஒரே தேதியைச் சொல்லும் கடிகாரம் ஒன்றைச் செய்து கருவியின் கையில் கொடுக்கிறோம். உண்மைக் கடிகாரம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் அந்தப் பொருளுக்குத்தான் பெயர் தேடுகிறோம். சோதனை உண்மையானது. எண்ணும் நிரலும் உண்மையானது. கடிகாரம் மட்டும்தான் ஆள்மாறியிருக்கிறது. நாம் வைக்கும் சொல் இந்தக் கோட்டைத் தெளிவாகக் காட்ட வேண்டும். எனக்கு வேறு நிபந்தனை இல்லை.

இனி வந்த பரிந்துரைகள்.

> போலி என்பது நம் இலக்கணத்திலேயே உள்ள சொல். அதை விடவா பொருத்தமாகக் கிடைக்கப்போகிறது?

ஐயா, இந்த மடலைப் படித்ததும் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். ‘அமச்சு’ ‘அமைச்சு’ ஆகிறது, ‘பந்தல்’ ‘பந்தர்’ ஆகிறது. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்து நிற்கிறது, பொருள் மாறுவதில்லை. நமக்கு வேண்டியதும் அதுவேதான். ஆனால் கையேட்டைப் படிக்கப்போகிறவர் போலி என்றதும் பந்தரை நினைக்க மாட்டார், போலி மருத்துவரையும் போலிச் சான்றிதழையும் நினைப்பார். இலக்கண வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கும் சொல் இங்கே தேறவில்லை. அதோடு, போலி தனக்கு அடுத்து வரும் எந்தச் சொல்லின் மேலும் தாவி ஏறிக்கொள்கிறது. போலிக் கடிகாரம், போலிச் சோதனை, போலி வெற்றி. என் நண்பர் சுழித்தது அந்தத் தாவலைத்தான்.

> பதிலி

இணையம் வழியாகப் போகும் கருவிகளில் பதிலி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, நமக்கும் வழங்கிக்கும் (சர்வருக்கும்) நடுவில் நிற்கும் ப்ராக்ஸிக்கு. பதிலி வழங்கியின் இடத்தில் சோதனைக்காக ஒன்றை வைக்கும் நாளில் ‘பதிலிக்குப் பதிலி’ என்று எழுத வேண்டிவரும்.

> மாற்றாள்

மாற்றான் பகைவன், மாற்றாள் சக்களத்தி. வேண்டாம்.

> சினிமாவில் டூப் என்கிறோமே, அதுவே போதும்.

எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை இது. ஆங்கிலத்திலும் கதை அதுதான். இந்த ஐந்துக்கும் பொதுப்பெயர் வேண்டும் என்று 2007-இல் ஜெரார்டு மெசாரோஸ் எழுதியபோது, சண்டைக் காட்சியில் நடிகருக்குப் பதில் குதிப்பவரை மனத்தில் வைத்துத்தான் டெஸ்ட் டபுள் என்று பெயரிட்டார். கோப்பை அழிக்கும் கருவிக்குச் சோதனை எழுதியவர்களுக்கு இந்த ஒப்புமை இன்னும் நன்றாகப் புரியும். மாடியிலிருந்து குதிக்க உண்மையான வட்டை (டிஸ்க்கை) யார் அனுப்புவார்கள்?

இருந்தாலும் சொல்லாக வைக்கத் தயங்குகிறேன். ‘டூப் விடாதே’ என்றால் பொய் சொல்லாதே என்று பொருள், டூப்ளிகேட் என்றால் கள்ளச் சரக்கு. போலியிடமிருந்து தப்பி ஓடி அதன் தம்பியிடம் மாட்டிக்கொண்ட கதையாகிவிடும். விளக்கத்தில் டூப் கட்டாயம் வரும். அருஞ்சொல் பட்டியலில் வராது.

> மாக் என்றே விட்டுவிடலாமே. எல்லாருக்கும் புரிகிறது.

புரிகிறதா என்பதில்தான் எனக்கு ஐயம். நிரல் நூலகத்தில் இருக்கும் செயற்கூறுகளின் (ஃபங்ஷன்களின்) பெயர்களை நான் தொடப்போவதில்லை, அவை மாக் என்றேதான் இருக்கும். ஆனால் பேச்சில் ஐந்து வகைக்கும் மாக் என்று சொல்லிச் சொல்லி, எந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்பதே நமக்கு மங்கிவிட்டது. என் கதையையே சொல்கிறேன். பைதான் நிரல்மொழியின் 3.4 பதிப்புக் காலத்தில், கோப்பை எழுதும் செயற்கூறு ஒரே ஒரு முறைதான் அழைக்கப்பட்டதா என்று பார்க்க ‘அசெர்ட் கால்டு ஒன்ஸ்’ என்று எழுதினேன். சோதனை பச்சையாகத் தேறியது. பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தச் செயற்கூறு ஒரு முறைகூட அழைக்கப்படவே இல்லை. அப்போது பைதானின் மாக்கில் அந்தப் பெயரில் எதுவும் கிடையாது. இல்லாத பெயரைக் கேட்டாலும் அந்தக் கணமே ஒன்றைச் செய்து நீட்டிவிடுவது மாக்கின் குணம். நான் சரிபார்க்கச் சொன்னேன், அது தலையாட்டியது. 3.5-இல் அசெர்ட் என்று தொடங்கும் தெரியாத பெயர்களைக் கேட்டால் பிழை எறியும்படி மாற்றினார்கள், 3.6-இல் அந்தச் செயற்கூறே வந்து சேர்ந்தது. அது வரை எத்தனை பேருடைய சோதனைகள் இப்படித் தலையாட்டிக்கொண்டிருந்தனவோ. கையில் இருப்பது கேட்டதற்கெல்லாம் ஆமாம் போடும் வகையா, கணக்குக் கேட்கும் வகையா என்று பெயரே சொல்லியிருந்தால் நான் ஒரு கணமாவது யோசித்திருப்பேன்.

சரி, என் பரிந்துரை: பொதுப்பெயர் வேடம்.

வேடக் கடிகாரம், வேடக் கோப்பமைப்பு, வேட வழங்கி. “இந்தச் சோதனையில் எட்டு வேடங்கள் இருக்கின்றன, குறைக்கப் பாருங்கள்” என்று நிரல் மீளாய்வில் எழுதிப் பார்த்தேன், இயல்பாக வந்தது. வினையும் கிடைக்கிறது: “கடிகாரத்தை வேடத்துக்கு மாற்று”, “வேடத்தைக் கலை”. சோதனை முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்பும் வேலைக்கு வேடம் கலைத்தல் என்பது கேட்காமலே கிடைத்தது. ஒரே எச்சரிக்கை, ‘வேடர்’ என்று பலர்பாலில் எழுதிவிடாதீர்கள், வில்லோடு வந்துவிடுவார்கள்.

வேடமும் ஏமாற்றுத்தானே என்று யாராவது கேட்பீர்கள். கபட வேடம் என்ற வழக்கு இருப்பது உண்மைதான். ஆனால் மேடையில் ராஜா வேடம் கட்டியவரை யாரும் பொய்யர் என்பதில்லை. ராஜா வேடம் யாருக்கு, மந்திரி வேடம் யாருக்கு என்றுதான் கேட்கிறோம். போலி என்ற சொல் பொருளின் குற்றத்தைச் சொல்கிறது, வேடம் அது ஏற்ற பாத்திரத்தைச் சொல்கிறது.

வகைகளுக்கு வருகிறேன். ஸ்டப்புக்குக் கிளி வேடம். சொல்லிக்கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்லும், வேறு எதுவும் தெரியாது. நம் வேடக் கடிகாரம் அசல் கிளி. வழங்கியிடமிருந்து எப்போதும் ‘நேரம் கடந்துவிட்டது’ என்ற விடையையே தரும் வேடமும் கிளிதான். அப்படி ஒன்று இல்லாமல் அந்தப் பிழைக்கான கிளையைச் சோதிப்பது பெரும்பாடு. ஸ்பைக்கு ஒற்றர் வேடம். யார் அழைத்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளும், நாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் ‘ஒற்று’ என்று மட்டும் வைத்திருந்தேன். ‘ஒற்றுப்பிழை’ என்று ஒரு வரி எழுத நேர்ந்ததும் கைவிட்டேன், இந்தக் குழுவில் அதைப் படித்தால் பாதிப் பேர் சந்தியைத் திருத்தக் கிளம்பிவிடுவீர்கள். டம்மிக்குப் பொம்மை, இடத்தை நிரப்ப மட்டும். ஃபேக்குக்குச் சிற்றுரு என்கிறேன், நினைவகத்திலேயே ஓடும் சிறிய தரவுத்தளம் போன்றவை. சிற்றுரு அவ்வளவு மனநிறைவு தரவில்லை, நல்லது கிடைத்தால் சொல்லுங்கள்.

மாக்தான் இடிக்கிறது. எந்த அழைப்பு எந்த வரிசையில் வர வேண்டும் என்று முன்கூட்டியே எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டு, பிசகினால் தானே சோதனையைத் தோற்கடிக்கும் வகை அது. ‘நடுவர் வேடம்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். நடுவர் இரு பக்கத்துக்கும் பொது அல்லவா? இது ஒரு பக்கத்தின் மேல் மட்டும் கண் வைத்திருப்பது. ‘கறார் வேடம்’ என்று விளையாட்டாக எழுதிவைத்தேன், இப்போது அது மனத்தை விட்டுப் போக மறுக்கிறது.

இந்த விவாதத்தில் ஒன்று விடுபட்டுவிட்டது. வேடம் அதிகம் தேவைப்படும் இடத்தில் பெரும்பாலும் சோதனையைவிடக் கருவியின் கட்டமைப்பில்தான் கோளாறு. என் கருவியின் முதல் பதிப்பில் கோப்பைத் திறப்பது, எண்ணுவது, தேதி கேட்பது, அச்சிடுவது எல்லாம் ஒரே செயற்கூறில் கிடந்தன. சோதிக்க நான்கு வேடம் வேண்டியிருந்தது. எண்ணும் வேலையைத் தனியே பிரித்து, உரையை வாங்கிப் பட்டியலைத் திருப்பித் தரும்படி எழுதியதும் அதற்கு ஒரு வேடமும் தேவைப்படவில்லை. உண்மையான பிழை அகப்பட்டதும் அங்கேதான். ‘கோ’ என்பது யூனிக்கோடில் க-வும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியீடுகளாகவும் வரலாம், க, இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், என் கருவியோ இரண்டு வெவ்வேறு எழுத்துகள் என்று எண்ணிக்கொண்டிருந்தது. நான்கு வேடத்தையும் கட்டி முடிப்பதிலேயே களைத்துப்போய், உள்ளே போகும் உரையை நான் கவனிக்கவே இல்லை.

மிஞ்சுவது கோப்பைத் திறந்து, தேதி கேட்டு, அச்சிடும் வெளித்தோல். அதை முழுக் கருவியாகவே ஓட்டி மூன்றைப் பார்த்தால் போதும்: இயல்பு வெளியீடு, பிழை வெளியீடு, முடியும்போது கருவி விட்டுச்செல்லும் வெளியேறும் எண். எண்ணைச் சுழியமா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். கோப்பில் சொல் தேடும் கிரெப் கருவியில், கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, பிழை என்றால் 2. கடைசி இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் சோதனை, கோப்பே இல்லாதபோதும் ‘சொல் கிடைக்கவில்லை’ என்று நிம்மதியாகத் தேறிவிடும். முனையத்தின் அகலத்தையும் ஒரே அளவில் நிறுத்திவையுங்கள். கட்டளைவரியைப் படித்துப் பிரிக்கும் பைதானின் ஆர்க்பார்ஸ் நூலகம் உதவி வரிகளை அந்த அகலத்துக்கு ஏற்ப மடிப்பதால், உங்கள் கணினியில் தேறியது வேறொருவர் சாளரத்தில் தோற்கும்.

அடுத்து ‘ஃபிக்சர்’ (சோதனைக்கு முன் அமைத்துவைக்கும் சூழல்) இருக்கிறது, அதற்குத் தனி இழை தொடங்குவோம். இதோடு கலக்க வேண்டாம். வரும் ஞாயிறு வரை வலுவான மறுப்பு வராவிட்டால் கையேட்டில் போலியை எல்லாம் வேடமாக மாற்றிவிடுகிறேன். மாக்குக்கு எதிரே மட்டும் கட்டம் காலியாக இருக்கிறது. அதற்குள் யாரும் வேறு சொல் தராவிட்டால் கறார்தான்.

அன்புடன்,
கையேட்டுக்காரன்