எல்இடி மாற்றியதிலிருந்து காளான் பவளம் வெளுக்கிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நாகர்கோவிலில் மூன்றடி கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். காளான் பவளமும், பூப்போல விரியும் சோவாந்தஸ் என்ற பவள இன உயிரும் மட்டும்தான். கல் பவளம் வைப்பது சட்டப்படி தவறு, அதைத் தொடவே இல்லை.

பத்து நாளுக்கு முன் பழைய ட்யூப் லைட்டை எடுத்துவிட்டு எல்இடி மாட்டினேன். முதல் நாளே 80 சதவீதத்தில், பத்து மணி நேரம் எரியவிட்டது என் தவறு. காளான் பவளம் சுருங்கி வெளுத்துவருகிறது. தனக்குள் வாழும் நுண்பாசியை அது வெளியே தள்ளுகிறது. பார்க்கவே மனசு கேட்கவில்லை. சோவாந்தஸ் நன்றாக விரிகிறது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடுகிறது, தண்ணீர் 26 டிகிரி. உப்பும் சரி.

நேற்று 30 சதவீதமாகக் குறைத்து, காளானைப் பாறை நிழலுக்கு மாற்றினேன். அப்புறம் வாரத்துக்கு எவ்வளவு கூட்டலாம்? நீல ஒளியை அப்படியே வைத்து வெள்ளையை மட்டும் குறைத்தால் போதுமா? மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் யாரிடமாவது பார் மீட்டர் (பவளத்துக்குக் கிடைக்கும் ஒளியை அளக்கும் கருவி) இருந்தால் ஒரு நாள் இரவல் தாருங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.