பின்வாசலில் புறப்பட்டு முகப்பில் ஆபீஸ்

பள்ளத்தூரிலிருந்து:

2020 மார்ச்சில் ஊரடங்குக்கு நாலு நாள் முன்னால், இரண்டு வாரத் துணியோடு சென்னையிலிருந்து வந்தேன். இன்னும் இங்கேதான் இருக்கிறேன், ஆபீஸ் வேலையையும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு.

வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்களுடையது பழைய செட்டிநாட்டு வீடு; ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பங்காளிகளுக்குப் பொது. அந்தக் காலத்தில் ஆண்கள் பர்மா, மலேயா என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போய்ச் சம்பாதித்து, இங்கே கல்யாணம் காட்சி நடத்தக் கட்டிய வீடு. நூறு பேர் பந்தியில் உட்காரலாம். ஒருத்தன் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு மூலை கிடையாது. சுவரின் கனத்துக்கு வைஃபை இரண்டாங்கட்டைத் தாண்டவே தாண்டாது.

முதலில் பரணிலிருந்து பழைய கணக்குப்பிள்ளை பெட்டியை இறக்கினேன். சாய்வான மூடி, தேக்கு. ஆத்தங்குடிக் கல்லில் சம்மணம் போட்டு அதன்மேல் லேப்டாப்பை வைத்துப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். இரண்டாம் வாரம் கால் மரத்தது. ஒரு மாதத்தில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. காரைக்குடியில் பார்த்த டாக்டர் சிரித்துவிட்டார். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரவேண்டும், முழங்கை மேசைமட்டத்தில் இருக்கவேண்டும், பாதம் தரையில் பதியவேண்டும் என்றார். லேப்டாப்பில் இது மூன்றும் சேர்ந்து நடக்காது. தனியாக ஒரு கீபோர்டு வாங்கிக்கொண்டு, லேப்டாப்பை உயரத்தில் ஏற்றவேண்டியதுதான். அப்பத்தா சீதனமாகக் கொண்டுவந்த எனாமல் அடுக்கு இரண்டைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தேன். அதற்கு நடந்த பஞ்சாயத்து தனிக் கதை.

முதுகைவிடப் பெரிய தொல்லை வேறு. நான் வீட்டில் இருக்கிறேன் என்றால் லீவில் இருக்கிறேன் என்றே அப்பத்தாவுக்குக் கணக்கு. "சும்மா பொட்டியப் பாத்துக்கிட்டுத்தானே இருக்க, அந்தத் தேங்காய உரிச்சுக் குடுத்துட்டுப் போ." எனக்குமே வேலை எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று தெரியவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மெயில் பார்ப்பேன்; காலை பதினோரு மணிக்கு வெங்காயம் உரிப்பேன்.

ஒருநாள் கோபத்தில் பின்வாசல் வழியாக வெளியேறினேன். ஊரணிக்கரை வழியாக ஒரு சுற்று நடந்ததும் கோபம் தணிந்தது. அப்போது நின்றது முன்தெருவில். அப்படியே முகப்புக்குள், அதாவது வீட்டின் முன்கட்டுக்குள், ஏறி வேலையைத் தொடங்கினேன். அன்றைக்கு ஓடியதுபோல் வேலை அதுவரை ஓடியதில்லை. மறுநாளிலிருந்து அதுவே வழக்கம். காலை ஒன்பதுக்கு, சட்டையை மாற்றிக்கொண்டு, பின்வாசலில் புறப்பட்டு முகப்பில் ஏறுவேன். சாயங்காலம் லேப்டாப்பை முகப்பு அலமாரியில் பூட்டிவிட்டு, அதே வழியில் சுற்றி வருவேன். பதினைந்து நிமிஷ நடை. யாராவது கேட்டால் அப்பத்தாவே சொல்கிறார்: "அவன் ஆபீசுக்குப் போயிருக்கான்." நான் இருப்பது ஒரு கதவுக்கு அந்தப் பக்கம்.

தேவகோட்டையிலிருந்து:

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது அண்ணே. ஆனால் பின்வாசல், முன்வாசல் இரண்டும் உள்ளவர்கள் சொல்கிற யோசனை. எங்களுடையது இரண்டு அறை வாடகை வீடு. கல்யாணமாகி வந்தவள் நான். வேலை அமெரிக்காக் கம்பெனிக்கு. நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் அங்கே கோடையில் நமக்கு மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. வருஷத்துக்கு இரண்டு தடவை அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போதெல்லாம் என் வீட்டில் சோறு வடிக்கிற நேரமும் மாறும். விடியற்காலம் படுத்தால் எட்டு மணிக்குப் பால்காரர், கீரைக்காரம்மா. திருவிழா என்றால் ஒலிபெருக்கி. "பகல்ல தூங்குற மருமக" என்று தெருவில் எனக்குப் பெயரே ஆகிவிட்டது.

ஒரு கட்டத்தில் காரணமில்லாமல் அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுவேன். கணவர்தான் 14416 எண்ணைக் கொடுத்தார். அரசின் டெலி மனாஸ். மனசு சரியில்லை என்றால் எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். புத்திமதி சொல்வார்களோ என்று பயந்தேன். எத்தனை மணி நேரம் தூங்குகிறேன் என்றுதான் முதலில் கேட்டார்கள். பதில் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அப்புறம் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்தேன். பகல் ஒரு மணிவரை என்னை எழுப்பக் கூடாது என்று மாமியாரிடம் நேரடியாகச் சொன்னேன். ஒரு வாரம் பேசவில்லை. இப்போது கீரைக்காரம்மாவை வாசலிலேயே அவர்தான் அடக்குகிறார்: "சத்தம் போடாத, புள்ள இப்பத்தான் படுத்துச்சு."

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பகல் வேலை கிடைத்தால் சம்பளம் குறைந்தாலும் மாறிவிடுவேன்.

கானாடுகாத்தானிலிருந்து:

கண் எரிச்சலுக்கு எனக்குச் சொன்ன வழி: இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபதடித் தூரத்தில் உள்ள எதையாவது இருபது விநாடி பார்க்கவேண்டும். நான் வளவில், அதாவது வீட்டின் உள்கட்டில், முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். எதிர்த் தாழ்வாரத் தூண் கிட்டத்தட்ட அந்தத் தூரம். அதில் குருவி கூடு கட்டியதிலிருந்து இருபது விநாடி பத்து நிமிஷமாகிவிடுகிறது. அது மருந்தில் சேராது.

மாதாந்திர மின்தடை நாளை யாரும் குறைசொல்லாதீர்கள். இன்வெர்ட்டர் இறங்கியதும் கூசாமல் திண்ணையில் படுக்கிற ஒரே நாள் எனக்கு அதுதான்.

கோட்டையூரிலிருந்து:

போன வருஷம் பிள்ளையார் நோன்பன்று இழை எடுக்கிற (எரியும் நூல்திரியை மாவோடு விழுங்குகிற) நேரத்தில் மீட்டிங். கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தொரு நாள் எண்ணிக்கொண்டு வந்த நோன்பு. ஐயா கையில் மாவு விளக்கோடு நிற்கிறார், இழை எரிகிறது, என் காதில் இயர்போன். வெளியூரில் இருந்தவரை இதற்கு லீவு போட்டு வருவேன். வீட்டிலேயே இருந்ததால் லீவு போடவில்லை. சுடரோடு வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "சாரி, நெட்வொர்க்" என்றேன். இந்த வருஷம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், இருப்பது அதே வீடுதான் என்றாலும்.

மறுபடியும் பள்ளத்தூரிலிருந்து:

தேவகோட்டைத் தங்கச்சி சொன்னது சரி, வீடு பெரிதாக இருப்பதால் வந்த வசதியும் இதில் உண்டு. கறுப்புத் துணி யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று சாயங்காலம் நல்ல மழை. சுற்றி வர அலுத்துக்கொண்டு, முகப்பிலிருந்து நேராக நிலைக்கதவைத் தாண்டி வளவுக்குள் காலை வைத்தேன். அப்பத்தா ஊஞ்சலில் இருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"குடை அங்கதான் இருக்கு. சுத்தி வா."