தாயில்லாப் பூனைக்குட்டிகளைத் தத்துப் போகும்வரை வீட்டில் பராமரிப்பது குறித்து

கேள்வி:

வணக்கம். சென்னை வேளச்சேரியில் வாடகைக் குடியிருப்பில் வசிக்கிறோம். தாயை இழந்த இரண்டு பூனைக்குட்டிகளை, தத்துக் கொடுக்கும் வயது வரும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள இயலுமா என்று விலங்குகள் காப்பகத்தில் கேட்டிருக்கிறார்கள். கண் திறந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம். எங்களிடம் ஏழு வயதுப் பூனை ஒன்றும் உண்டு. நானும் கணவரும் வேலைக்குச் செல்வதால் பகலில் மாமியார் மட்டுமே இருப்பார். ஒப்புக்கொள்ளவே மனம் விரும்புகிறது; ஆனால் எங்கள் அறியாமையால் அந்த உயிர்களுக்கு ஏதும் நேர்ந்துவிடக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் வழி கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:

இதுவரை நான்கு முறை குட்டிகளை வளர்த்துக் கொடுத்திருக்கிறேன். முதல் முறை, குளிர்ந்து கிடந்த குட்டிக்குப் பசிதான் என்று எண்ணி உடனே பசும்பால் புகட்டினேன், அது பிழைக்கவில்லை. அந்த வயதுக் குட்டியால் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது என்பதும், உடல் குளிர்ந்திருக்கையில் உள்ளே போகும் பால் செரிக்காது என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஆகவே முதலில் சூடு, அதன்பின் பால். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு மிகுந்தால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும்.

பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பொடியைக் கரைத்து, சுமார் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, குப்புறப் படுத்த நிலையிலேயே புகட்ட வேண்டும். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெதுவாகத் தடவிவிட்டால்தான் சிறுநீர் கழிக்கும். சமையலறைத் தராசில் கிண்ணத்தை வைத்து நாள்தோறும் எடை பாருங்கள். நாளுக்குச் சுமார் 10 கிராம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் ஒருமுறையாவது எழ வேண்டியிருக்கும் என்பதால், மாமியார் மீது முழுப் பொறுப்பையும் சுமத்தாதீர்கள்.

மறுமொழி 2:

பெரிய பூனையைப் பற்றி ஒரு வார்த்தை. குறைந்தது இரண்டு வாரம் குட்டிகளைத் தனி அறையில் வைத்து, அவற்றுக்கெனத் தனித் துணியும் பாத்திரமும் ஒதுக்குங்கள். பூனைகளைக் கொல்லும் பேன்லூக்கோபீனியா கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உங்கள் பூனைக்குத் தடுப்பூசி முறையாகப் போடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பினாயில் பூனைகளுக்கு நஞ்சு. 30 பங்கு தண்ணீரில் 1 பங்கு பிளீச்சிங் திரவம் கலந்து துடைத்து, நன்கு காய்ந்த பிறகே குட்டிகளை விடுங்கள்.

மருத்துவச் செலவு யாருடையது என்பதைக் காப்பகத்திடம் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். நான் வாய்ப்பேச்சை நம்பி, பிறகு மனத்தாங்கலில் முடிந்தது.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. மாமியாரிடம் இவற்றை வாசித்துக் காட்டினேன். பகல் வேளைகளைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும், இரவு எங்கள் பொறுப்பு என்றும் கூறிவிட்டார். தனி அறையைத் துடைத்து வைத்துவிட்டோம். செலவு பற்றிக் காப்பகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் குட்டிகளை அழைத்து வருவோம்.