உயிரணுப் பிரிவின்போது ஹிஸ்டோனில் ஏறும் பாஸ்பேட் எதற்கு?

உட்லண்ட்ஸ் மாணவி:
வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் நான் இப்போது ஓர் ஆய்வகத்தில் வேலைப்பயிற்சியில் இருக்கிறேன். டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் புரதங்களான ஹிஸ்டோன்களில் ஒன்று எச்3. அதன் 10ஆம் இடத்துச் செரின் என்னும் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறியிருந்தால் மட்டுமே ஒட்டும் எதிர்ப்பொருளை மனித உயிரணுக்களில் இட்டு, நுண்ணோக்கியில் எண்ணுகிறேன். நூற்றுக்கு மூன்று நான்குதான் பச்சையாக ஒளிர்கின்றன. அவை அனைத்தும் பிரிந்துகொண்டிருப்பவை. ஹிஸ்டோன் மாற்றங்கள் மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் உதவுகின்றன என்றுதான் வகுப்பில் படித்தேன். ஆனால் பிரிவின்போது பெரும்பாலான மரபணுக்கள் அடங்கிவிடுகின்றனவே. பிறகு அந்த நேரத்தில் இந்தக் குறி எதற்கு? இது மரபணுத்தொகுதியைக் காக்கிறது என்பது எவ்வாறு?

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜூரோங்:
நல்ல கேள்வி அம்மா. பிரிவின்போது வரும் பேராபத்து எது என்பதிலிருந்து தொடங்குவோம். 46 குரோமோசோம்களில் ஒவ்வொன்றும் இரட்டை இழையாக நிற்கும். அந்த இரண்டையும் எதிரெதிர்த் துருவங்கள் இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே துருவத்தில் மாட்டிக்கொண்டால் ஓர் உயிரணுவுக்கு 47, மற்றதற்கு 45 என்று போய்விடும். தவறாக மாட்டிய இழையைக் கழற்றிவிடும் நொதி அரோரா பி. அது இரு இழைகளும் இணைந்திருக்கும் சென்ட்ரோமியர் என்னும் பகுதியில், இரு இழைகளுக்கும் நடுவே நின்றாக வேண்டும்.

அந்த இடத்தை அதற்குக் காட்டுவது ஹிஸ்டோன் குறிகளே. ஹாஸ்பின் என்னும் நொதி எச்3இன் 3ஆம் இடத்துத் திரியோனினில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பப்1 என்னும் நொதி எச்2ஏ ஹிஸ்டோனின் 120ஆம் இடத்தில் ஏற்றுகிறது. முதல் குறியை, அரோரா பியோடு சேர்ந்திருக்கும் சர்வைவின் என்னும் புரதம் நேராகப் பற்றிக்கொள்ள, இரண்டாவது குறி ஷுகோஷின் என்னும் புரதத்தை வரவழைக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைத் தேடுபவருக்குப் புளோக் எண்ணும் மாடி எண்ணும் சேர்ந்து வேண்டியிருப்பதுபோல, இவ்விரு குறிகளும் சந்திக்கும் இடத்தில்தான் சர்வைவினோடு அரோரா பி குவிகிறது. சரியாக மாட்டிய இழைகள் இருபுறமும் இழுபடும்போது அவற்றின் பிடிமானம் அரோரா பியை விட்டு விலகிவிடுவதால் தப்பித்துக்கொள்கிறது. இழுவிசை இல்லாத பிடி கழற்றப்படுகிறது. நீங்கள் காணும் செரின் 10 குறியை இடுவதும் இதே அரோரா பிதான்.

ஆய்வகத்தில் பணிபுரிபவர், புவன விஸ்தா:
ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். செரின் 10க்குப் பக்கத்தில், 9ஆம் இடத்து லைசினில் மூன்று மெத்தில் தொகுதிகள் இருந்தால், எச்பி1 என்னும் புரதம் அங்கே அமர்ந்து, டிஎன்ஏவும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த குரோமாட்டினை இறுக்கமாக வைத்திருக்கும். பாஸ்பேட் ஏறியதும் எச்பி1 விலகுகிறது, ஆனால் மெத்தில் அப்படியே இருக்கிறது. இது 2005இல் தெரியவந்தது. பிரிவு முடிந்து பாஸ்பேட் நீங்கியபின் எச்பி1 திரும்பி வந்து அமரும். அந்த மெத்திலை ஏற்றும் இரு நொதிகளும் இல்லாத எலிகளின் குரோமோசோம்கள் நிலைகுலைந்தன, நிணநீர்ப் புற்றுநோயும் கூடியது என்பதால், மெத்தில் நிலைத்திருப்பது சிறிய செய்தியன்று.

குரோமோசோம் சுருங்குவதற்கே செரின் 10தான் காரணம் என்று மட்டும் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். அந்தச் செரினை மாற்றியபோது டெட்ராஹைமெனா என்னும் ஓரணு உயிரியில் குரோமோசோம்கள் பிரிவதில் பிழைகள் தோன்றின. ரொட்டி ஈஸ்டிலோ குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. சுருக்கும் பணியில் முதன்மையானது கண்டென்சின் என்னும் புரதத் தொகுதி.

உட்லண்ட்ஸ் மாணவி:
இருவருக்கும் நன்றி. இன்று மீண்டும் பார்த்தேன். இழுபட்டு விலகிவிட்ட இரு தொகுதிகளும்கூடப் பச்சையாகவே இருக்கின்றன. பிழைதிருத்தம் முடிந்த பின்னும் குறி ஏன் நீடிக்கிறது?

ஆய்வகத்தில் பணிபுரிபவர், புவன விஸ்தா:
செரின் 10 தாமதமாக, புதிய உட்கருக்கள் உருவாகும் கட்டத்தில்தான் மங்கும். திரியோனின் 3 அப்படியன்று: இழைகள் பிரியத் தொடங்கியதும் அதிலுள்ள பாஸ்பேட்டை ரெப்போ-மேன் என்னும் புரதம் சுமந்துவரும் பிபி1 என்னும் நொதி நீக்கிவிடுகிறது, அரோரா பியும் குரோமோசோமை விட்டு, இழைகளை இழுக்கும் நார்களாலான கதிரின் நடுப்பகுதிக்குச் செல்கிறது. உங்கள் மேற்பார்வையாளர் அனுமதித்தால் அதே உயிரணுக்களில் திரியோனின் 3 எதிர்ப்பொருளையும் இட்டுப் பாருங்கள். குரோமோசோம்கள் நடுவரிசையில் நிற்கும் உயிரணுவில் சென்ட்ரோமியர்ப் பகுதியில் ஒளி குவிந்திருக்கும். விலகிவிட்ட உயிரணுவில் அது வெகுவாகக் குறைந்திருக்கும்.